ஐ: ஒரே எழுத்து, எத்தனை வேலை? அடிக்கடி கேக்கிற கேள்விகள்

வெள்ளவத்தைலயும் கொட்டாஞ்சேனைலயும் ஏலெவல் (உயர்தர) பிள்ளைகளுக்கு ஐசிடியும் (தகவல் தொழில்நுட்பம்) இணைந்த கணிதமும் சொல்லிக் குடுக்கிற எனக்கு வாற கேள்விகள்தான் இதெல்லாம். சிலது பிள்ளைகள் கேட்டது, சிலது அவங்கட அம்மா அப்பா கேட்டது.

ஒரு எழுத்தைப் பத்திக் கேக்க இவ்வளவு இருக்கா?

இருக்கு, அதுவும் பிள்ளைகளைப் பாத்தா இன்னும் கூட எழுதலாம் எண்டு தோணும். காலமை பௌதிகவியல் வகுப்பில பெரிய ஐ எண்டா மின்னோட்டம், அது முடிஞ்சு இணைந்த கணிதத்துக்குப் போனா சின்ன ஐ ஒரு பாடத்தில அலகுக் காவி (திசை காட்டுற, நீளம் ஒண்டான அம்புக்குறி), அடுத்த பாடத்தில மறை ஒண்டின்ர வர்க்கமூலம், பின்னேரம் ஐசிடி வகுப்புக்கு வந்தா அதே சின்ன ஐ லூப்புக்குள்ள (ஒரே கட்டளைகளைத் திரும்பத் திரும்பச் செய்யிற இடம்) சுத்துது, இரவு தமிழ்ப் புத்தகத்தைத் திறந்தா இரண்டாம் வேற்றுமை உருபு ஐ. "இது வேற ஐ, அது வேற ஐ" எண்டு ஒருத்தராவது வாயைத் திறந்து சொன்னா பிள்ளைக்கு லேசு. சொல்லாததால தனக்குத்தான் விளங்கேல்ல எண்டு அது பேசாம இருந்திடுது. எனக்கு மனசு நோகிறது அங்கதான். எழுத்து மட்டும் தனிய எதையும் சொல்லாது, அது எந்த இடத்தில நிக்குது, பக்கத்தில என்ன நிக்குது எண்டு பாத்தாத்தான் அர்த்தம் வரும், அந்தப் பார்வை ஒருக்கா பழகிட்டா முக்கால்வாசிக் குழப்பம் போயிடும்.

நீங்க எந்த ஐயைச் சொல்றீங்க, தமிழ் ஐயா இங்கிலிஷ் ஐயா?

ரெண்டும்தான். இங்கிலிஷ் எழுத்தைச் சொல்லேக்க பெரிய ஐ, சின்ன ஐ எண்டு சொல்லுவன், தமிழுக்குப் பெரிசு சின்னன் இல்ல, அதால தமிழ் ஐ எண்டே சொல்லுவன். தமிழ் உயிரெழுத்து வரிசைல ஐ ஒன்பதாவது, இங்கிலிஷ் வரிசைலயும் ஐ ஒன்பதாவது. தற்செயல்தான், ஆனா வகுப்பில சொன்னா பிள்ளைகள் உடன விரல் விட்டு எண்ணிப் பாப்பாங்க.

தமிழ்ல ஐ தனிய நிண்டா அதுக்கு அர்த்தம் இருக்கா?

இருக்கு, நிறைய. தனி எழுத்தே சொல்லா நிக்கிறதை ஓரெழுத்து ஒருமொழி எண்டு படிச்சிருப்பீங்க, நன்னூல் கணக்குப்படி அது 42, அதுல உயிரெழுத்து ஆறு: ஆ, ஈ, ஊ, ஏ, ஐ, ஓ. ஐக்குத் தலைவன் எண்டும் அர்த்தம், அழகு எண்டும் அர்த்தம், நுண்மை, கோழை எண்டும் அகராதில இருக்கு. தொல்காப்பியம் உரியியல்ல "ஐ வியப்பாகும்" எண்டு நேராவே சொல்லுது. வீடு வீடாப் பாண் விக்கிற சூன் பாண் ஆட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு ஒழுங்கைக்குள்ள வரேக்க சின்னதுகள் "ஐ!" எண்டு துள்ளுதே, அந்த வியப்பு இண்டைக்கும் உயிரோடதான் இருக்கு எண்டு எனக்குப் படுது.

எனக்கு மிகவும் பிடிச்ச இடம் திருக்குறள் 771, படைச்செருக்கு. "என்னைமுன் நில்லன்மின் தெவ்விர்" எண்டு தொடங்கும். இப்ப நாங்க "என்னை" எண்டு பாத்தா நான் எண்டதின்ர இரண்டாம் வேற்றுமையாத்தான் வாசிப்பம், ஆனா இங்க அது என் + ஐ, அதாவது என்ர தலைவன். எதிரிகளே, என்ர தலைவனுக்கு முன்னால வந்து நிக்காதீங்க எண்டு ஒரு வீரன் சொல்றான். ஒரே மூண்டு எழுத்து, ஐ உருபா நிண்டா ஆள் நான், ஐ சொல்லா நிண்டா ஆள் என்ர தலைவன்.

அஞ்சுக்கும் ஐக்கும் தொடர்பு இருக்கா?

ஓம், ஐம்பது, ஐந்நூறு, ஐம்புலன், ஐவர் எல்லாத்திலயும் முன்னுக்கு நிக்கிற ஐ அஞ்சுதான். ரோமன் எண்ல ஐ எண்டா ஒண்டு. பழைய சுவர் மணிக்கூடுகள்ல நாலுமணிக்கு நாலு ஐ வரிசையா நிக்கிறதை பாத்திருப்பீங்க.

சொல்லின்ர கடைசில வாற ஐ என்ன செய்யுது?

அதுதான் ஐ செய்யிற பெரிய வேலை. செயல் ஆரில விழுது எண்டு காட்டும். "நாய் கடிச்ச பூனை" எண்டு சொன்னா நாய் கடிச்சதால காயப்பட்ட பூனையா, நாயையே கடிச்ச பூனையா எண்டு ஒரு கணம் யோசிக்க வேணும், "நாயைக் கடிச்ச பூனை" எண்டு சொல்லிட்டா சந்தேகத்துக்கே இடமில்ல. ஒரே ஒரு ஐ, ஆர் கடிச்சது ஆர் கடிபட்டது எண்டதைத் தலைகீழா மாத்துது. இன்னொண்டு, அந்த ஐக்குப் பிறகு க, ச, த, ப வந்தா ஒற்று மிகும், நாயைக் கடிச்ச, அவனைப் பார், இதை எழுதேக்க கனபேர் விட்டிடுறாங்க. ஆக்களுக்கு ஐ கட்டாயம் வேணும், "அம்மாவைக் கூப்பிடு" எண்டுதான் சொல்லுவம், பொருளுக்கு விட்டாலும் போகும், "பாண் வாங்கு" எண்டா கடைக்காரருக்கும் விளங்கும் பிள்ளைக்கும் விளங்கும், ஆனா "அந்தப் பாணை எடு" எண்டு குறிப்பா ஒண்டைக் காட்டினா ஐ தானா வந்து ஒட்டிக்கொள்ளும்.

ஐயா சரியா, அய்யா சரியா?

ரெண்டும் சரி. அ, இ சேந்தா ஐ, அகரத்துக்குப் பிறகு ய் வந்தாலும் ஐ மாதிரி ஒலிக்கும் எண்டு தொல்காப்பியமே சொல்லுது, அதைத்தான் போலி எண்டு படிக்கிறம். பெரியார் எழுத்துச் சீர்திருத்தம் கொண்டு வரேக்க ஐக்குப் பதிலா அய் எழுதினார், 1978ல தமிழ்நாட்டு அரசு ணை, லை, ளை, னை எழுத்துகளின்ர பழைய தும்பிக்கை வடிவத்தை மாத்தேக்க ஐயை மட்டும் அப்பிடியே விட்டுது. எனக்கு ஐ இருக்கிறதுதான் சந்தோசம், ஆனா அய்யா எண்டு எழுதுறவரைப் பிழை எண்டு திருத்த மாட்டன்.

கொழும்புல இன்னொரு விசயம் இருக்கு. நூறாம் நம்பர் பஸ்ல காலி வீதியால போகேக்க கொண்டக்டரைப் பாத்து சிங்களத்தில "அய்யே" எண்டு கூப்பிடுவாங்க, அங்க அது அண்ணன். நாங்க ஐயா எண்டா வயசான ஒருத்தர், சில வீட்டில அப்பா, சில வீட்டில தாத்தா. புதுசா கொழும்புக்கு வந்த பிள்ளை இருபது வயசுப் பெடியனை ஏன் எல்லாரும் ஐயா எண்டு கூப்பிடுறாங்க எண்டு கேக்கும், நல்ல கேள்வி அது.

"ஐசே" எண்டதில இருக்கிற ஐ எது?

அது இங்கிலிஷ் ஐ, நான் எண்ட ஐ. "ஐ சே" எண்டு வெள்ளைக்காரன் பேச்சைத் தொடங்கினது எங்கட வாயில "ஐசே" ஆகி, "என்ன ஐசே, எங்க போறீர்?" எண்டு கூட்டாளியைக் கூப்பிடுற சொல்லா மாறிட்டுது. நான் சொல்றன் எண்டு தொடங்கின சொல், இப்ப முன்னால நிக்கிற ஆளைக் குறிக்குது.

இங்கிலிஷ்ல நான் எண்டதை மட்டும் ஏன் பெரிய எழுத்தில எழுதுறது? அதுக்குத் தலைல புள்ளி ஏன்?

பழைய இங்கிலிஷ்ல அது "இச்" மாதிரி ரெண்டு எழுத்துச் சொல், காலப்போக்கில கடைசி உதிர்ந்து ஐ மட்டும் மிஞ்சிச்சுது. கையால எழுதின காலத்தில தனியா ஒரு சின்னக் கோடு பக்கத்துச் சொல்லோட ஒட்டிக் காணாமப் போயிடும், அதால உயர்த்தி எழுதத் தொடங்கி அப்பிடியே நிலைச்சிட்டுது. தான் பெரிய ஆள் எண்ட நினைப்பில வந்த பழக்கம் எண்டு சிலபேர் சொல்லுவாங்க, அதை நம்பாதீங்க.

புள்ளிக்கும் கிட்டத்தட்ட அதே காரணம். அந்தக் காலத்துக் கோதிக் எழுத்தில எம் எண்டா மூண்டு நேர்கோடு, என் எண்டா ரெண்டு, ஐ எண்டா ஒண்டு. "மினிம்" எண்டு எழுதினா வரிசையா பத்துக் கோடுதான் தெரியும், எங்க எந்த எழுத்து முடியுது எண்டு கண்ணால பிரிக்க ஏலாது. அதால எழுத்தர்கள் ஐக்கு மேல ஒரு சின்னக் கீறல் போட்டாங்க, பிறகு அது புள்ளியாச்சு. ஜே எண்டு இப்ப இருக்கிற எழுத்தும் ஐயின்ர வால் நீண்டு பிறந்ததுதான், ரெண்டையும் வேற வேற எழுத்தா வைக்கலாம் எண்டு 1524ல இத்தாலியில திரிசினோ எழுதினார்.

புரோகிராமிங்ல லூப் எழுதினா ஏன் எல்லாரும் ஐ எண்டே போடுறாங்க?

ரெண்டு வழியால வந்தது. கணிதத்தில ஒரு வரிசைல எத்தனையாவது எண்டு சொல்ல எழுத்துக்குக் கீழ சின்னதா ஐ போடுற பழக்கம் முன்னமே இருந்துது, கூட்டல் குறிக்குக் கீழயும் ஐ = 1 எண்டு பாத்திருப்பீங்க, எண்களைக் கட்டம் கட்டமா அடுக்கிற தாயத்தில நிரைக்கு ஐ, நிரலுக்கு ஜே. 1957ல ஐபிஎம் கம்பெனில ஜோன் பேக்கஸும் அவரோட இருந்தவங்களும் ஃபோர்ட்ரான் மொழியைக் கொண்டு வரேக்க ஒரு விதி வைச்சாங்க: மாறியின்ர பேர் ஐயில இருந்து என் வரைக்கும் உள்ள ஆறு எழுத்தில ஒண்டால தொடங்கினா அது நிறைவெண், மத்த எழுத்தால தொடங்கினா தசம எண். நிறைவெண்ணுக்கு இங்கிலிஷ்ல சொல்ற இன்டிஜர் எண்ட சொல்லின்ர முதல் ரெண்டு எழுத்தும் ஐ, என் எண்டதால ஞாபகம் வைக்கவும் லேசு. லூப் எண்ணுறதுக்கு நிறைவெண் வேணும், அந்த வரிசைல முதலாவது ஐ, அதுக்குள்ள இன்னொரு லூப் எண்டா ஜே, பிறகு கே. அந்த விதி தெரியாத மொழிகள்லயும் பழக்கம் மட்டும் தங்கிட்டுது.

அப்ப ஐ எண்டு பேர் வைக்கிறது நல்லதா?

மூண்டு நாலு வரி லூப்புக்கு ஐதான் நல்லம், எல்லாருக்கும் பாத்த உடன விளங்கும். லூப் நீண்டா, இல்லாட்டி உள்ளுக்கு இன்னொண்டு வந்தா, நிரை, நிரல், மாணவர் எண்டு அர்த்தமுள்ள பேர் வைக்கச் சொல்லித்தான் நான் சொல்லுவன். காரணத்தைக் காட்டுறன். சி மொழில வெளி லூப் ஐயை 0ல இருந்து 5க்குக் குறையும் வரைக்கும் ஓட்டுது, உள் லூப்பும் அதே ஐயை 0ல இருந்து 3க்குக் குறையும் வரைக்கும் ஓட்டுது எண்டு வைப்பம். உள்ள முடியேக்க ஐ 3, வெளி லூப் ஒண்டு கூட்டி 4 ஆக்கும், 4 எண்டது 5ஐ விடக் குறைவு, திரும்ப உள்ள போகும், ஐ திரும்ப 0, திரும்ப 3, திரும்ப 4. நிக்கவே நிக்காது. இதையே பைதன்ல ஃபோர் ஐ இன் ரேஞ்ச் எண்டு எழுதினா வெளி லூப் சரியா அஞ்சு தரம்தான் ஓடும், ஏனெண்டா பைதன் ரேஞ்ச்ல இருந்து அடுத்த எண்ணை ஒவ்வொரு முறையும் தானே எடுத்து ஐக்குள்ள போடுது, ஐயில இப்ப என்ன கிடக்கு எண்டு பாக்காது. ஆனா உள் லூப் முடிஞ்ச பிறகு வெளி ஐயை நம்பி ஏதாவது கணக்குப் பாத்தா விடை பிழைக்கும், எரர் ஒண்டும் வராது, அதுதான் பயங்கரம்.

கணிதத்தில ஐ எண்டா மறை ஒண்டின்ர வர்க்கமூலம். இல்லாத ஒண்டுக்கு ஏன் பேர் வைச்சாங்க?

இந்தக் கேள்வியைக் கேக்கிற பிள்ளையை எனக்கு நல்லாப் பிடிக்கும். எந்த மெய்யெண்ணை வர்க்கிச்சாலும் மறை வராது, அப்ப ஐ² = −1 எண்டு எழுதுறது ஏமாத்து மாதிரித் தெரியும். கதை 1545ல தொடங்குது, கார்டானோ எண்ட இத்தாலிக்காரர் 10ஐ ரெண்டாப் பிரிச்சு, ரெண்டையும் பெருக்கினா 40 வரவேணும் எண்டு ஒரு கணக்கு எடுத்தார். விடை 5 + √−15, 5 − √−15. பெருக்கிப் பாருங்க, 25 + 15, சரியா 40. ஆனா அவரே இதுல பிரயோசனம் இல்ல எண்டு விட்டிட்டார்.

1572ல பொம்பெல்லி எண்ட இன்னொரு இத்தாலிக்காரர் விடேல்ல. எக்ஸ்³ = 15எக்ஸ் + 4 எண்ட சமன்பாட்டுக்கு எக்ஸ் = 4 ஒரு விடை எண்டு எவருக்கும் தெரியும், 64 = 60 + 4. ஆனா அப்ப இருந்த சூத்திரத்தில போட்டா நடுவில √−121 வந்து நிக்குது. பொம்பெல்லி அதுக்குப் பயப்படாம, 2 + √−121 எண்டதின்ர கனமூலம் 2 + √−1 எண்டும், மத்தப் பக்கத்துக்கு 2 − √−1 எண்டும் கண்டுபிடிச்சார், ரெண்டையும் கூட்டினா √−1 வெட்டுப்பட்டு 4. கொப்பில நீங்களே 2 + ஐ எண்டதை மூண்டு தரம் பெருக்கிப் பாருங்க, 2 + 11ஐ வரும், 11ஐ எண்டது √−121தான். மெய்யான கேள்வில தொடங்கி மெய்யான விடைல முடியுது, நடுவில மட்டும் அந்த இல்லாத எண் வழி காட்டுது. அப்பிடி வழி காட்டுறதை இல்லை எண்டு எப்பிடிச் சொல்றது?

கற்பனை எண்ட பேரை 1637ல டேகார்ட் வைச்சார், அந்தப் பேர்தான் இண்டு வரைக்கும் பிள்ளைகளைப் பயப்படுத்துது. ஐ எண்ட எழுத்தை 1777ல ஒய்லர் எழுதினார், அது அச்சில வந்தது 1794ல, 1801ல கௌஸ் பாவிச்ச பிறகுதான் ஊரெல்லாம் பரவிச்சுது. தனி எழுத்து வந்தது பெரிய உதவி, ஏனெண்டா √−1 × √−1 எண்டு எழுதினா ரெண்டு மூலத்தையும் சேத்து √1 = 1 எண்டு பிள்ளைகள் எழுதிடுவாங்க, ஐ × ஐ எண்டா −1 எண்டு கை தானா எழுதும். படமா விளங்க வேணுமெண்டா, ஐயால பெருக்கிறது எண்டா ஐ உள்ள எண்களை (சிக்கலெண்) புள்ளியாக் குறிக்கிற ஆகண் வரிப்படத்தில 90 பாகை சுழட்டுறது. ரெண்டு தரம் சுழட்டினா எதிர்ப்பக்கம், அதுதான் −1. நாலு தரம் சுழட்டினா தொடங்கின இடம். இதுக்குள்ள மாயம் ஒண்டும் இல்ல. ஐயின்ர அடுக்கு ஐ போட்டா விடை 0.2079 அளவில ஒரு சாதாரண மெய்யெண் வரும் எண்டு கடைசில சொல்லி விடுவன், ஆர்வமுள்ள பிள்ளை வீட்ட போய் தானே தேடும்.

காவிப் பாடத்தில ஐயை ஐயால பெருக்கினா 1, சிக்கலெண் பாடத்தில −1. எது சரி?

ரெண்டும் சரி, பெருக்கல்தான் வேற. காவில ஐ எண்டது எக்ஸ் அச்சுப் பக்கம் போற அலகுக் காவி, புள்ளிப் பெருக்கம் எடுத்தா நீளத்தை நீளத்தால பெருக்கிறது, 1. ரெண்டும் சொந்தக்காரர் எண்டதுதான் வடிவு. 1843 ஒக்டோபர் 16ல டப்ளின்ல ஹமில்டன் ஒரு பாலத்தால நடந்து போகேக்க ஐ² = ஜே² = கே² = ஐஜேகே = −1 எண்டு கண்டுபிடிச்சு அந்தப் பாலத்துக் கல்லிலயே செதுக்கினார், இப்ப நாங்க காவிக்கு எழுதுற ஐ, ஜே, கே அங்க இருந்து வந்ததுதான். எழுதேக்க காவி ஐக்குக் கீழ கட்டாயம் கோடு போடுங்க. கோட்டை விட்டிட்டா திருத்துறவருக்கு எந்த ஐ எண்டு தெரிய வழியில்ல.

இன்ஜினியரிங் படிக்கிற அண்ணாமார் ஏன் ஐக்குப் பதிலா ஜே போடுறாங்க?

மின்னோட்டத்துக்கு ஐ எண்டு ஏற்கெனவே குடுத்தாச்சு. அம்பியர் பிரெஞ்சில ஓட்டத்தின்ர இன்டென்சிட்டி எண்டு எழுதின காலத்தில இருந்து அந்த எழுத்து அங்க. ஆடலோட்டக் (திசை மாறி மாறி ஓடுற மின்னோட்டம்) கணக்கில ஓட்டமும் வரும், கற்பனை அலகும் வரும், ரெண்டும் ஐ எண்டா ஒரு வரி கூட எழுத ஏலாது, அதால பக்கத்து எழுத்தை எடுத்தாங்க. பைதனும் அதே பக்கம்தான், 3 + 2ஜே எண்டுதான் எழுத வேணும், ஐ போட்டா ஏற்காது. மட்லப் எண்ட கணிப்பு மொழில ஐயும் ஜேயும் ரெண்டும் கற்பனை அலகு, ஆனா லூப்புக்கு ஐ எண்டு பேர் வைச்சு 10 வரைக்கும் ஓட்டிட்டு பிறகு 3 + 2*ஐ எண்டு எழுதினா சிக்கலெண் வராது, 23 வரும். நடுவில பெருக்கல் குறி இல்லாம 2ஐ எண்டு ஒட்டி எழுதினா தப்பலாம்.

பெரிய ஐக்கு வேற என்ன வேலை?

தாயத்தில அலகுத் தாயம், அதால எந்தத் தாயத்தைப் பெருக்கினாலும் மாறாது. பௌதிகவியல்ல மின்னோட்டத்தோட சடத்துவத் திருப்பமும் (ஒரு பொருள் சுழல எவ்வளவு எதிர்க்குது எண்ட அளவு) பெரிய ஐதான். இரசாயனவியல்ல அயடீன், அணுவெண் 53, 1811ல கடற்பாசிச் சாம்பல்ல இருந்து கூர்த்துவா கண்டுபிடிச்சது.

பாமினில அடிச்ச தமிழை யூனிகோடுக்கு மாத்தினா சிலநேரம் ஏன் குழம்புது?

பாமினி எண்டது இங்கிலிஷ் கீகளுக்குத் தமிழ் எழுத்து வைச்ச பழைய ஃபொன்ட், யூனிகோட் எண்டது ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண் குடுக்கிற பொது முறை. மாத்தேக்க குழம்புறதுக்கும் ஐக்கும் நேரடித் தொடர்பு இருக்கு. பாமினில சின்ன ஐ கீயை அடிச்சா ை வரும், ஷிஃப்ட் பிடிச்சு அடிச்சா முழு ஐ வரும், ஆரோ யோசிச்சு வைச்ச இடம். "இலங்கை" எண்டு அடிக்க கமா, வை, கியூ, செமிகோலன், ஐ, எஃப், ஆறு கீ. எஃப் எண்டா க. அதாவது ை முதல், க பிறகு, கையால எழுதுற ஒழுங்கு. யூனிகோட்லயும் இலங்கை ஆறு குறியீடுதான், இ, ல, ங, புள்ளி, க, ை. அங்க க முதல், ை பிறகு, வாயால சொல்ற ஒழுங்கு. திரைல மட்டும் ை முன்னுக்கு வந்து நிக்கும். மாத்துற சொஃப்ட்வெயார் கடைசி ரெண்டையும் இடம் மாத்த வேணும், ஒழுங்கா எழுதாத கன்வேட்டர் அதுலதான் பிழைக்குது.

இதே காரணத்தாலதான் பைதன்ல "மலை" எண்டதின்ர நீளம் 3 எண்டு வருது, பிள்ளைகள் 2 எண்டு நினைப்பாங்க. அதைத் தலைகீழாத் திருப்பச் சொன்னா ை முன்னுக்கு வந்து ஒட்ட எழுத்தில்லாம புள்ளி வட்டத்தோட தனிய நிக்கும். முழு ஐக்கு யூனிகோட்ல 2960 எண்டு ஒரு எண், ைக்கு 3016 எண்டு வேற எண், கம்பியூட்டருக்கு ரெண்டும் ரெண்டு.

துருக்கி ஐ பிரச்சினை எண்டா என்ன?

1928ல துருக்கி லத்தீன் எழுத்துக்கு மாறேக்க புள்ளி உள்ள ஐ ஒரு எழுத்து, புள்ளி இல்லாத ஐ இன்னொரு எழுத்து எண்டு வைச்சாங்க, சின்னதுக்கும் அப்பிடி, பெரிசுக்கும் அப்பிடி. துருக்கி மொழில செட் பண்ணின கம்பியூட்டர்ல சின்ன ஐயைப் பெரிசாக்கினா தலைல புள்ளியோட ஒரு பெரிய ஐ வரும், அப்ப "ஃபைல்" எண்ட சொல்லை இங்கிலிஷ் பெரிய எழுத்தில தேடுற புரோகிராம் அது கிடைக்கேல்ல எண்டு நிண்டிடும். கொழும்புல இருந்து வெளிநாட்டுக்கு சொஃப்ட்வெயார் செய்யிற பிள்ளைகள் இதைக் கட்டாயம் தெரிஞ்சு வைக்க வேணும்.

ஐபோன்ல ஐ எண்டா?

1998ல ஐமேக் வந்தப்ப ஐ எண்டா முதலாவதா இன்டர்நெட் எண்டுதான் ஸ்டீவ் ஜொப்ஸ் சொன்னார். போன் வந்தது 2007ல, பேர் மட்டும் தொடர்ந்துது.

வைஃபை பாஸ்வேர்டில இருக்கிறது ஐயா, எல்லா, ஒண்டா?

அம்மாமார் கேக்கிற கேள்வி, நியாயமான கேள்வி. பெரிய ஐ, சின்ன எல், ஒண்டு மூண்டும் கன ஃபொன்ட்ல ஒரே கோடு. பிட்கொயின் எண்ட டிஜிட்டல் காசின்ர முகவரி எழுதுற ஒரு முறைல இந்தக் குழப்பத்துக்காகவே பெரிய ஐ, சின்ன எல், பெரிய ஓ, பூச்சியம் நாலையும் எடுத்துட்டு 58 எழுத்தை மட்டும் வைச்சிருக்காங்க. நீங்க கடதாசில எழுதிக் குடுக்கிறதெண்டா பெரிய ஐக்கு மேலயும் கீழயும் குறுக்குக் கோடு போடுங்க, ஒண்டுக்கு மூக்கு வைங்க, எல்லுக்கு வாலை வளைச்சு விடுங்க. போன்ல வந்த பாஸ்வேர்ட் எண்டா வாசிச்சு அடிக்காம கொப்பி பண்ணிப் போடுங்க.